நடுவழியில் நின்ற என்ஜின்

புதுக் கார் வாங்குகிறவர் ஆசைக்காக வாங்கலாம். பழைய கார் வாங்குகிறவர் அப்படி அல்ல. அவர் கணக்குப் பார்த்து, கடன் வாங்கி, வேறு வழி இல்லாமல் வாங்குகிறார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவிலும் இப்படித்தான்.

அமெரிக்கா என்றதும், அங்கே எல்லோரும் பளபளக்கும் புதுக் காரில் போகிறார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. அங்கே ஒரு வருஷத்தில் விற்கும் புதுக் கார்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பழைய கார்கள் கை மாறுகின்றன. பஸ்ஸும் ரெயிலும் எட்டாத ஊர்கள் அங்கே ஏராளம். கார் இல்லை என்றால் வேலைக்குப் போக முடியாது. கடைக்குப் போக முடியாது. ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது.

ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஆறு வருஷம் ஓடிய ஒரு காரை வாங்குகிறார்கள். கையில் இருந்த பணம் கொஞ்சம், கடன் மீதி. கார் அழகாக இருக்கிறது. சத்தம் இல்லாமல் ஓடுகிறது. நாலு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலை. நெடுஞ்சாலை. மணிக்கு 60 மைல் வேகம். என்ஜினுக்குள் இருந்து "டக், டக், டக்" என்று ஒரு சத்தம். சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற சத்தம். கண்ணாடிக்குக் கீழே ஒரு விளக்கு எரிகிறது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் என்ஜின் நின்றுவிடுகிறது.

ஓடுகிற காரில் என்ஜின் நின்றால் என்ன ஆகும்? ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக்குக்கு என்ஜின் கொடுத்து வந்த உதவி போய்விடும். ஒன்றிரண்டு முறை மிதிக்கும் வரை பிடிக்கும். பிறகு முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். பின்னால் லாரிகள் பறந்து வருகின்றன. ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய்த் திரும்பும்.

உயிர் தப்பியது. காரை இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார்கள். மெக்கானிக் பார்த்துவிட்டு, "என்ஜின் போய்விட்டது. வேறு என்ஜின்தான் போட வேண்டும்" என்கிறார். அதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். வாங்கிய விலையில் பாதி. கார் ஓடாது. ஆனால் கார் கடனுக்கு மாதத் தவணை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்!

இந்தக் குடும்பம் கற்பனை. சம்பவம் கற்பனை அல்ல. கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது நடந்தது. அதுவும் ஒரே வகை என்ஜினில் நடந்தது.

எந்த என்ஜின்?

அந்த என்ஜினுக்கு "தீட்டா-2" என்று பெயர். கொரியா நாட்டின் ஹூண்டாய், கியா என்ற இரண்டு கம்பெனிகளின் கார்களில் பொருத்தப்பட்டது. சொனாட்டா, சாண்டா பே, ஆப்டிமா, சொரெண்டோ, ஸ்போர்டேஜ் என்பவை அந்தக் கார்கள். 2011-ஆம் ஆண்டு மாடலில் இருந்து கதை தொடங்குகிறது.

ஹூண்டாய் என்றதும் நமக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை நினைவுக்கு வரும். கம்பெனி அதேதான். ஆனால் முதலில் தகராறு எழுந்த என்ஜின்கள் அங்கே செய்தவை அல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் உள்ள தொழிற்சாலையில் செய்தவை. ஆகவே, வீட்டு வாசலில் கார் நிறுத்தி இருக்கும் வாசகர்கள் பதற வேண்டாம்.

என்ன கோளாறு? கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் எல்லோருக்கும் புரியும்.

என்ஜினுக்குள் பெட்ரோல் வெடிக்கிறது. அந்த வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு ஒரு இரும்புத் தண்டு சேர்ந்திருக்கிறது. அதுதான் கனெக்டிங் ராடு. அந்த ராடு கீழே உள்ள கிராங்க்‌ஷாப்ட் என்ற பெரிய தண்டைச் சுற்றுகிறது. தையல் மிஷினில் காலால் மிதிப்பது சக்கரம் சுற்றுவதாக மாறுகிறது அல்லவா? அதே வேலைதான்.

ராடும் கிராங்க்‌ஷாப்டும் சேருகிற இடத்தில் ஒரு பேரிங் இருக்கிறது. அங்கே இரும்பும் இரும்பும் நேராக உரசக் கூடாது. நடுவில் ஆயில் இருக்க வேண்டும். அந்த ஆயில் படலம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்த மெல்லிய படலத்தை நம்பித்தான் நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை அந்தத் தண்டு சுற்றுகிறது. ஆயில் எப்படி அங்கே போகிறது? கிராங்க்‌ஷாப்டுக்குள்ளேயே சிறு துளைகள் போட்டிருக்கிறார்கள். அதன் வழியாகப் போகிறது.

துளை போட்டால் இரும்புத் தூள் விழும். இரும்பைக் கடைந்தால் சுருள் விழும். அதைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டுத்தான் என்ஜினைப் பூட்ட வேண்டும். அங்கேதான் வினை. தூள் முழுவதும் நீங்காமல் சில என்ஜின்களில் தங்கிவிட்டது என்று கம்பெனியே பிறகு சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தது.

தங்கிய தூள் ஆயில் போகும் வழியை அடைக்கிறது. ஆயில் குறைந்தால் பேரிங் சூடேறும். சூடேறினால் தேயும். தேய்ந்தால் ஆடும். ஆடினால் "டக், டக்" என்று அடிக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை "ராடு அடிக்கிறது" என்பார்கள். அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால், என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் ராடே உடைந்து என்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கொட்டுகிற ஆயில் சூடான குழாயில் பட்டால் தீப்பிடிக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் கோளாறு முதல் நாளே தெரியாது. முதல் வருஷமும் தெரியாமல் போகலாம். பேரிங் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஐம்பதாயிரம் மைல், எண்பதாயிரம் மைல் ஓடிய பிறகு வெளியே தெரியும். அதற்குள் கார் கை மாறி இருக்கும். புதிதாக வாங்கியவர் நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போயிருப்பார். தொழிற்சாலையில் தங்கிய தூளுக்கு, அந்தத் தொழிற்சாலையைக் கண்ணால் பார்க்காத இரண்டாவது சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டி வரும்!

திரும்ப அழைப்பது என்றால் என்ன?

செய்த காரில் ஆபத்தான குறை இருந்தால், அதைச் செய்த கம்பெனி காரைத் திரும்ப வரவழைத்து, காசு வாங்காமல் சரி செய்து தர வேண்டும். இதற்கு "ரீகால்" என்று பெயர்.

இந்தச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. ரால்ப் நாடர் என்ற இளம் வக்கீல் 1965-ஆம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். கார் கம்பெனிகள் ஜனங்களின் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் கார் செய்கின்றன என்று அதில் சாடினார். நாடே பேசியது. மறு வருஷமே, 1966-ல், அமெரிக்கப் பார்லிமெண்டு மோட்டார் பாதுகாப்புச் சட்டம் போட்டது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை. "உங்கள் காரில் குறை இருக்கிறது" என்று கம்பெனி சொந்தக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, இலவசமாகச் சரி செய்து தர வேண்டும் என்று இல்லை. "உன் வீடு எரிகிறது" என்று தபால் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது போல! இலவசமாகச் சரி செய்ய வேண்டும் என்ற திருத்தம் 1974-ல்தான் வந்தது.

தீட்டா-2 என்ஜினுக்கு முதல் ரீகால் 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் மட்டும். சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் கார்கள்.

அதே என்ஜின் பூட்டிய கியா கார்கள் என்ன ஆயின? அப்போது அவை அழைக்கப்படவில்லை. 2013 மாடல் சொனாட்டா? அதுவும் இல்லை.

2015-ல் 2013 மாடல் சொனாட்டா வைத்திருந்த ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் காரில் அதே "டக், டக்" சத்தம் கேட்கிறது. பட்டியலில் அவர் கார் இல்லை. இலவச ரிப்பேர் கிடையாது. சொந்தப் பணத்தைப் போட்டு என்ஜின் மாற்றியிருப்பார். இல்லாவிட்டால் காரையே காயலான் கடைக்குப் போட்டிருப்பார்.

இரண்டு வருஷம் கழித்து, 2017 மார்ச்சில், இரண்டாவது ரீகால் வந்தது. இப்போது 2013, 2014 மாடல்களும், கியா கார்களும் சேர்க்கப்பட்டன. சுமார் 12 லட்சம் கார்கள்! நேற்று வரை பட்டியலுக்கு வெளியே இருந்தவர் இன்று உள்ளே வந்துவிட்டார். கார் மாறவில்லை. என்ஜின் மாறவில்லை. காகிதம் மட்டும் மாறியது.

ஒரு கொரியர் செய்த காரியம்

இந்த இரண்டு வருஷத்துக்கு நடுவில் என்ன நடந்தது?

கிம் குவாங்-ஹோ என்று ஒரு என்ஜினீயர். ஹூண்டாய் கம்பெனியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கார்களின் தரத்தைக் கவனிக்கும் பிரிவில் இருந்தவர். முதல் ரீகாலில் கம்பெனி சொன்னது போதாது, இன்னும் நிறைய கார்களில் குறை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. கம்பெனிக்குள் சொன்னார். பலன் இல்லை.

2016 ஆகஸ்டில் அவர் கொரியாவில் இருந்து விமானம் ஏறி வாஷிங்டன் போனார். அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகாவிடம், கையில் இருந்த காகிதங்களைக் கொடுத்தார்.

கம்பெனி சும்மா இருக்குமா? அதே வருஷம் நவம்பரில் அவரை வேலையில் இருந்து நீக்கியது. ரகசியத்தை வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு.

ஆனால் அவர் கொடுத்த விவரம் வீண் போகவில்லை. கொரியாவிலும் 2017 ஏப்ரலில் சுமார் 1 லட்சத்து 71 ஆயிரம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்க சர்க்கார் விசாரணை நடத்தியது. ரீகால் செய்ய வேண்டிய நேரத்தில் செய்யவில்லை என்று கண்டது. 2020 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் சர்க்காரோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. ஹூண்டாய்க்கு 14 கோடி டாலர், கியாவுக்கு 7 கோடி டாலர். இதில் ரொக்கமாகக் கட்ட வேண்டிய அபராதம் 8 கோடியே 10 லட்சம் டாலர். ஒரு பகுதியைப் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குச் செலவிட வேண்டும். மீதி, சொன்னபடி நடக்காவிட்டால் கட்ட வேண்டிய தொகை.

கார் கம்பெனியின் தவறை உள்ளே இருந்து எடுத்துச் சொல்பவருக்கு அபராதத்தில் 100-க்கு 10 முதல் 30 வரை பரிசு தரலாம் என்று அமெரிக்காவில் 2015-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டப்படி முதல் பரிசு கிம்முக்குத்தான் கிடைத்தது. 2021 நவம்பரில் அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

உண்மை சொன்னவருக்கு ஐந்து வருஷம் கழித்தாவது நல்லது நடந்தது. சந்தோஷம். ஆனால் அந்த அபராதப் பணம், காரை இழந்த குடும்பத்துக்குப் போவதில்லை. அது சர்க்காருக்குப் போவது. குடும்பத்துக்கு வழி கோர்ட்டுதான்.

இரண்டாம் சொந்தக்காரர்

கார் சொந்தக்காரர்கள் சேர்ந்து கலிபோர்னியா கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். ஒருவர் இருவர் அல்ல. ஒரே மாதிரிப் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்கு நடத்த அங்கே வழி உண்டு. தனி ஆளாகப் போனால், வக்கீல் கூலி காரின் விலையைத் தாண்டிவிடும்!

அங்கே முக்கியமான தகராறு என்ன என்று நாம் பார்க்க வேண்டும்.

இந்தக் கம்பெனிகள் அமெரிக்காவில் பெரிதாக விளம்பரம் செய்த விஷயம், பத்து வருஷ வாரண்டி. என்ஜினுக்குப் பத்து வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல். ஜனங்கள் அதை நம்பித்தான் வாங்கினார்கள். ஆனால் அந்தப் பத்து வருஷம் முதல் சொந்தக்காரருக்கு மட்டும். கார் கை மாறினால் ஐந்து வருஷம், அறுபதாயிரம் மைல் என்று சுருங்கிவிடும்.

இது எந்த ஊர் நியாயம்? என்ஜினுக்குத் தெரியுமா தன் சொந்தக்காரர் மாறிவிட்டார் என்று? பெயர் மாறிய மறுநாள் பேரிங் வேகமாகத் தேயுமா? புதுக் கார் வாங்க வசதி உள்ளவருக்குப் பத்து வருஷம், வசதி இல்லாதவருக்கு ஐந்து வருஷம். உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குப் பாதி!

கம்பெனி பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது. "காரை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆயில் மாற்றாமல் ஓட்டினால் எந்த என்ஜினும் போய்விடும்" என்பது அது. உண்மைதான். ஆயிலைக் கவனிக்காதவர்கள் எங்கும் உண்டு. ஆயில் தீர்ந்து, கறுத்து, தார் போல ஆகும் வரை ஓட்டுகிறவர்களை நாமே பார்த்திருக்கிறோம். வாடகைக் கார் டிரைவரிடம் கேட்டால் இன்னும் நூறு கதை சொல்வார்.

ஆனால் இந்த வாதத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பாருங்கள். என்ஜின் நின்று காரை இழுத்துக்கொண்டு வந்தவரிடம், "இதுவரை ஆயில் மாற்றியதற்கு எல்லா ரசீதும் கொண்டு வா" என்றால்? அவர் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. முந்தைய சொந்தக்காரரின் ஆறு வருஷ ரசீதுக்கு அவர் எங்கே போவார்? அந்த ஆள் எந்த ஊரில் இருக்கிறாரோ! பலர் வீட்டு வாசலிலேயே தாங்களே ஆயில் மாற்றுகிறவர்கள். அவர்களிடம் ஆயில் டப்பா வாங்கிய கடைச் சீட்டு இருந்தால் அதிசயம்.

கம்பெனியின் சொந்த ஒர்க்‌ஷாப்பில்தான் ஆயில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது என்று சொல்ல அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1975-ஆம் ஆண்டே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பது ஒன்று, ஒர்க்‌ஷாப் மேஜைக்கு முன்னால் நிற்கும் சாதாரண ஆளுக்கு அது தெரிந்திருப்பது வேறு.

தொழிற்சாலையில் தூள் தங்கிய என்ஜின் என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட பிறகு, "உன் தவறு இல்லை என்று நீ ரூபி" என்று வாங்கியவரைக் கேட்பது தலைகீழ் நியாயம். கம்பெனிதான் "இவர் தவறு" என்று ரூபிக்க வேண்டும்.

கடைசியில் கம்பெனிகள் இறங்கி வந்தன. திரும்ப அழைத்த கார்களுக்கு, என்ஜினின் கீழ்ப்பாதிக்கு, அதாவது பிஸ்டனும் ராடும் கிராங்க்‌ஷாப்டும் இருக்கும் பகுதிக்கு, பத்து வருஷம் அல்லது 1 லட்சத்து 20 ஆயிரம் மைல் வாரண்டி என்று நீட்டினார்கள். முதல் சொந்தக்காரர், அடுத்த சொந்தக்காரர் என்ற பேதம் இதில் இல்லை.

2019 அக்டோபரில் வழக்கிலும் சமரசம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் கார்களுக்கு, என்ஜினின் அந்தக் கீழ்ப்பாதிக்கு, காரின் ஆயுள் முழுவதும் வாரண்டி! கை மாறினாலும் உண்டு. சொந்தப் பணத்தில் ரிப்பேர் செய்தவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும். காரை இழுத்து வந்த செலவும், வாடகைக் கார் எடுத்த செலவும் சேரும். அமெரிக்காவுக்கும் கொரியாவுக்குமாகச் சேர்த்து இதற்கு 76 கோடி டாலர் அளவுக்கு ஆகும் என்று கம்பெனிகள் கணக்குச் சொல்லின. 2021-ல் கோர்ட்டு இதற்கு இறுதி அனுமதி அளித்தது.

இதோடு தொல்லை தீர்ந்ததா? இல்லை.

ஆயுள் வாரண்டி வேண்டும் என்றால், காரில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் புரோகிராமைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. இது நல்ல ஏற்பாடுதான். பேரிங் தேயத் தொடங்கும்போது எழும் அதிர்வை அது கண்டுபிடிக்கும். உடனே விளக்கு கண் சிமிட்டும், மணி அடிக்கும், காரின் வேகத்தைக் குறைக்கும். டிரைவர் ஓரம் கட்டிக்கொள்ளலாம். 2019 ஜனவரியில் 37 லட்சம் கார்களுக்கு இதைப் போடப் போவதாக அறிவித்தார்கள்.

ஆனால் இதைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் தபால் யாருக்குப் போகும்? அன்றைய தேதியில் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. அவர் காரை விற்றுவிட்டு, தபாலைக் குப்பையில் போட்டிருப்பார். பிறகு வாங்கியவருக்கு அப்படி ஒரு தபால் வந்ததே தெரியாது. வந்தாலும், விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்!

அத்துடன், அளவுக்கு மீறிக் கவனிப்பில்லாமல் போட்டுவைத்த காருக்கு வாரண்டி இல்லை என்று ஒரு விலக்கும் இருக்கிறது. எது அளவு, எது மீறல் என்று பிறகும் வாக்குவாதம் வரத்தானே செய்யும்?

விற்பவர் கடமை எங்கே?

அமெரிக்கச் சட்டத்தில் நமக்கு விளங்காத ஒரு ஓட்டை இருக்கிறது.

திரும்ப அழைக்கப்பட்ட புதுக் காரை, குறையைச் சரி செய்யாமல் வியாபாரி விற்கக் கூடாது. வாடகைக்கு விடும் பெரிய கம்பெனிகளும் அப்படிப்பட்ட காரை வாடகைக்கு விடக் கூடாது. அந்தத் தடை 2016-ல்தான் வந்தது. அதற்கு முன், 2004-ஆம் ஆண்டு, ரீகால் செய்தும் சரி செய்யாத ஒரு வாடகைக் காரில் போன இரண்டு சகோதரிகள் கலிபோர்னியாவில் உயிர் இழந்தார்கள். அவர்களுடைய தாயார் பல வருஷம் போராடி அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தார். சட்டத்துக்கே மகள்களின் பெயர்தான்.

ஆனால் பழைய கார் வியாபாரி? ரீகால் வேலை பாக்கி இருக்கும் காரை அவர் விற்பதற்கு நாடு முழுவதற்குமான தடை கிடையாது! கண்ணாடியில் ஒரு அறிவிப்புத் தாள் ஒட்டி, "உள்ளது உள்ளபடி" என்று குறித்துவிட்டால், பல மாநிலங்களில் பிறகு வரும் ரிப்பேருக்கு வியாபாரி பொறுப்பல்ல.

வாடகைக்கு எடுப்பவர் உயிரும் உயிர்தான். பழைய கார் வாங்குபவர் உயிரும் உயிர்தான். ரீகால் வேலையைச் செய்ய வியாபாரிக்குக் காசு செலவில்லை. கம்பெனிதான் இலவசமாகச் செய்து தருகிறது. நேரம் மட்டும் ஆகும். அந்த நேரத்தைச் செலவிடச் சொல்லிச் சட்டம் போட என்ன தயக்கம்?

நம் நாட்டில்

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவு போடும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கம்பெனிகள் தாங்களாக மனம் வைத்து அழைத்தால் உண்டு. புது விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. கட்டாய ரீகாலுக்கு ஆளாகும் கம்பெனிக்கு, வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம்.

நல்ல காரியம். வரவேற்கிறோம். ஆனால் அந்த விதியில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும்.

அமெரிக்காவில் 15 வருஷம் வரை ரீகால் ரிப்பேர் இலவசம். முன்பு 10 வருஷமாக இருந்ததை 2015-ல் 15 ஆக்கினார்கள். நம் நாட்டில் ஏழு.

நம் ஊரில் ஏழு வருஷக் காரை யார் வைத்திருக்கிறார்கள்? முதலில் வாங்கியவர் அல்ல. மளிகைக் கடைக்காரர், வாத்தியார், டாக்சி ஓட்டிப் பிழைப்பவர், பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு "நமக்கும் ஒரு கார்" என்று ஆசைப்பட்ட குமாஸ்தா. இவர்கள் கைக்கு வரும்போதே அந்த ஏழு வருஷம் தீரப் போகிறது, அல்லது தீர்ந்துவிட்டது. அமெரிக்க அனுபவத்தில் பார்த்தோமே, பேரிங் மெல்லத் தேய்ந்துதான் சத்தம் போடுகிறது. சத்தம் வரும்போது சட்டம் முடிந்து போயிருந்தால் யாருக்கு லாபம்? ஏழு என்பதைப் பதினைந்து ஆக்க வேண்டும். இதை நாம் அழுத்தமாகச் சொல்கிறோம்.

இப்போதைக்குப் பழைய கார் வாங்கப் போகும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு நம்பர் இருக்கிறது. சேசிஸ் நம்பர் என்பது அதுதான். ஆர்.சி. புத்தகத்தில் பார்க்கலாம், வண்டியிலும் பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த நம்பரை எழுதிக்கொண்டு, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போய், "இந்த வண்டிக்கு ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருந்தால், விற்பவரையே செய்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

காரை ஓட்டிப் பார்ப்பதென்றால், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். பழைய சர்வீஸ் ரசீதுகள் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு நீங்கள் ஆயில் மாற்றும் ஒவ்வொரு ரசீதையும், ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே வையுங்கள்.